கையெழுத்து வாங்கிவிட்டால் ஒப்புதல் ஆகிவிடுமா?

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன் டாக்டர். இது எதுக்குப் போடுற ஊசி?"

பள்ளியில் கொடுத்த படிவத்தின் நகலை நீட்டியபடி ஒரு தகப்பனார் போன வாரம் கேட்டார். முழுக்க ஆங்கிலப் படிவம். 'எச்.பி.வி' என்ற மூன்றெழுத்தைத் தவிர நோயைப் பற்றி ஒரு வரி இல்லை. இப்படி வந்து கேட்பவர் இவர் ஒருவர் மட்டுமல்ல.

எச்.பி.வி என்பது கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்; அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் அருமையான ஊசி இது. சந்தேகமே வேண்டாம், போடுங்கள். ஆனால் "விளக்கிச் சொன்னால் பயந்துவிடுவார்கள், கையெழுத்து வாங்கினால் போதும்" என்று சக மருத்துவர்களே பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. சொல்லாமல் விட்டதால் என்ன ஆனது என்று நமக்குத் தெரியாதா? 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்கு இதே ஊசியைச் சோதனைத் திட்டமாகப் போட்டார்கள். ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். பெற்றவர்களிடம் யார் கேட்டது? சில சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010இல் திட்டம் நின்றது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னபோது கேட்க ஆளில்லை. அந்த அவநம்பிக்கைக்கு இன்றும் என் அறையில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிக்கிமில் 2018இல் பெற்றோரையும் ஆசிரியர்களையும் முன்கூட்டியே உட்காரவைத்துப் பேசினார்கள். பத்தில் ஒன்பது சிறுமிகளுக்கு மேல் இதே ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். விளக்கிச் சொன்னதால் யாரும் ஓடிவிடவில்லை.

"நூறு சதவீதம் பாதுகாப்பு" என்றும் யாரும் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் 1998இல் வந்த ரோட்டாஷீல்ட் என்ற ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்து, ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் குடல் செருகலை (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது) உண்டாக்கியது மறு வருடம்தான் தெரிந்து, திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவு அரிதான பாதிப்பு சிறிய சோதனையில் சிக்காது. அதனால்தான் அடுத்து வந்த இரண்டு ரோட்டா மருந்துகளையும் தலா 60,000 குழந்தைகளுக்கு மேல் சோதித்தார்கள்.

பெற்றோரே, என்ன ஊசி, எந்த நோய்க்கு, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று கேட்காமல் பேனாவை எடுக்காதீர்கள். கேள்வி கேட்பது தடுப்பூசியை எதிர்ப்பதாகாது. பிள்ளைக்கு ஏற்கெனவே ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஊசியின் பெயரும் தேதியும் அட்டையில் ஏறியதா என்று பாருங்கள்.

டாக்டர்களே, பிறகு ஏதாவது பாதிப்பு என்று யாராவது வந்தால் "இதுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள், தயவுசெய்து. முதலில் பதிவு செய்து மேலே அனுப்புங்கள். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை இத்தகைய பாதிப்புகளை ஆராயும் குழு முடிவு செய்யட்டும்.