மேலோட்டமா, மேம்போக்கா, அரைகுறையா? மதிப்பீடு எழுதுவோர் கவனத்திற்கு

ஆய்வேட்டு மதிப்பீடுகள், நூல் மதிப்புரைகள், விசாரணை அறிக்கைகள், பணியாளர்களைப் பற்றிய ஆண்டுக் குறிப்புகள் ஆகியவற்றைச் செம்மையாக்கித் தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ஒரு வகைச் சொற்கள் கையாளப்படும் விதம் எனக்குத் தொடர்ந்து கவலை தருகிறது. ஒன்றில் ஆழம் போதவில்லை என்று சொல்ல நேரும்போது, எழுதுபவர் முதலில் வாய்க்கு வரும் சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். மேலோட்டம், மேம்போக்கு, நுனிப்புல் மேய்தல், அரைகுறை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதானே என்பது அவர் எண்ணம். அந்தச் சொல்லுக்கு ஆளாகிறவருக்கோ அவை ஒன்றல்ல. ஒரு சொல் குறையை வேலையின் அளவில் வைக்கிறது. இன்னொன்று செய்தவரின் மனத்தில் வைக்கிறது. வேறொன்று அவருடைய அறிவையும், மற்றொன்று நேர்மையையுமே குற்றம் சாட்டுகிறது.

இவற்றுள் மிகக் குறைவாகப் பழி சுமப்பது 'மேலோட்டம்'. அது அடிப்படையில் ஒரு பார்வை முறையின் பெயர், வசை அன்று. 'மேலோட்டமாகப் பார்த்ததில் கணக்கில் முரண்பாடு தென்படவில்லை' என்று ஒரு தணிக்கையாளர் எழுதினால், தாம் எவ்வளவு பார்த்தார் என்பதை அவர் ஒளிக்காமல் சொல்கிறார் என்றே கொள்ள வேண்டும். விபத்தில் அடிபட்டவரின் உறவினரிடம் மருத்துவர் 'காயம் மேலோட்டமானதுதான்' என்று சொல்லும்போது அதே சொல் நற்செய்தியாகிவிடுகிறது. ஆனால் அந்த மருத்துவமனைக் குறிப்பே வழக்கு ஆவணத்துக்குள் நுழையும்போது கவனம் தேவை. மேலோட்டமான காயத்தைச் 'சாதாரண காயம்' என்று மாற்றி எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னது ஆழத்தைச் சொல்வது; பின்னது சட்டம் வகுத்த தரத்தைச் சொல்வது. இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவும், அதற்கு முன்பு வழக்கில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவும், தலையையோ முகத்தையோ நிரந்தரமாக உருக்குலைக்கும் காயத்தைக் கொடுங்காயங்களின் பட்டியலிலேயே வைத்திருக்கின்றன. ஆகவே கன்னத்தில் அதிகம் ஆழமில்லாமல் விழுந்த ஒரு கீறல், மாறாத வடுவாகி முகத்தை உருக்குலைத்துவிட்டால், கொடுங்காயமாக எண்ணப்பட இடமுண்டு.

'மேம்போக்கு' என்பதற்கு வந்தால் நிலைமை வேறு. மேலோட்டமாகச் செய்ததும் மேம்போக்காகச் செய்ததும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் மேம்போக்கு என்று எழுதிய கணமே, ஆழமாகச் செய்திருக்கக்கூடிய ஒருவர் அக்கறையில்லாமல் விட்டுவிட்டார் என்ற குற்றச்சாட்டை வைத்துவிடுகிறோம். பெருங்கட்டுக் கோப்பை இரண்டே நாளில் படித்து அறிக்கை தர வேண்டும் என்று பணிக்கப்பட்ட விசாரணை அலுவலர் மேலோட்டமான அறிக்கையைத்தான் தர முடியும். போதிய அவகாசம் இருந்தும் முதன்மைச் சாட்சியை அழைத்துக்கூடப் பேசாதவருடைய அறிக்கையே மேம்போக்கானது. எனவே மேம்போக்கு என்று எழுத விரும்புகிறவர், அவகாசமும் வாய்ப்பும் இருந்தன என்பதை அதே பத்தியில் காட்டக் கடமைப்பட்டவர். இவ்விரண்டுக்கும் நடுவில் 'மேலெழுந்தவாரியாக' என்ற நீண்ட சொல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பக்கமும் முடிவெடுக்க விரும்பாதவர்கள் அதில் ஒதுங்கிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன்.

நுனிப்புல் மேய்தல் என்ற வழக்கைப் பயன்படுத்துவோர், அதற்குள் பரப்பு என்ற ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள். மாடு ஓரிடத்தில் நின்று அடிவரை கடிக்காமல் நுனியை மட்டும் கவ்விக்கொண்டே வயல் முழுவதும் நகர்கிறது. பல துறைகளைத் தொட்டு எதிலும் நிலைக்காதவருக்கே அது பொருந்தும். ஒரே பொருளை எடுத்துக்கொண்டு அதைப் போதிய அளவு ஆராயாதவரை நுனிப்புல் மேய்ந்தார் என்பது பொருந்தாது. 'அகல உழுவதினும் ஆழ உழு' என்ற பழமொழியும் இதே எதிர்நிலையைத்தான் பேசுகிறது. தவிர, இந்த வழக்கில் எழுத்தை விட்டு ஆளையே இகழும் தொனி ஒன்று இருக்கிறது. அலுவலகக் குறிப்பில் இதற்கு இடமே இல்லை என்பது என் கருத்து. 'அரைகுறை' என்பதோ ஆழத்தைப் பற்றிய சொல்லே அன்று. தொடங்கிய வேலை நடுவில் நின்றுபோனதை அது சொல்கிறது. ஐந்து இயல்கள் திட்டமிட்டு மூன்றை மட்டும், ஆனால் மிக நுட்பமாக, எழுதி முடித்த ஆய்வேடு அரைகுறையானதே தவிர ஆழமற்றதன்று.

கண்துடைப்பு, பெயருக்குச் செய்தது, ஒப்புக்குச் செய்தது ஆகிய மூன்றையும் தனியாக நிறுத்த வேண்டும். பெயருக்கும் ஒப்புக்கும் செய்தவர் கடமையைக் கழித்தார், அவ்வளவே. கண்துடைப்பு என்றாலோ பிறரை நம்பவைக்கும் நோக்கம் வந்துவிடுகிறது. நோக்கத்தை நிறுவும் சான்று கையில் இல்லாமல் அதை எழுதினால், எழுதியவரே விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரலாம்.

சற்றுப் படித்தவர்கள் விரும்பி எடுக்கும் இன்னொரு சொல் 'புல்லறிவு'. நுனிப்புல்லின் நினைவில் இதையும் மேய்ச்சலோடு இணைத்துவிடுகிறவர்கள் உண்டு. இங்குள்ள புல், சிறுமையைக் குறிக்கும் புன்மையைச் சேர்ந்தது. மாடு தின்னும் புல் அன்று. திருக்குறளின் 85ஆம் அதிகாரமான புல்லறிவாண்மை, அறிவு குறைவாக இருப்பதை மட்டும் பழிக்கவில்லை. சிற்றறிவு உடையவர் தம்மைப் பேரறிவாளராக மதித்துக்கொண்டு, பெரியோர் சொல்லும் உறுதியான சொல்லை ஏற்க மறுப்பதையே பரிமேலழகர் அதன் பொருளாகக் கொள்கிறார். அந்த அதிகாரத்தில் 'கல்லாத மேற்கொண் டொழுகல் கசடற வல்லதூஉம் ஐயம் தரும்' என்ற குறள் வருகிறது. கல்லாததைக் கற்றதாகக் காட்டிக்கொண்டால், குற்றமறக் கற்ற பொருளிலும் பிறருக்கு ஐயம் எழும் என்பது அதன் கருத்து. செருக்கும், காது கொடுக்க மறுப்பதும் சேராத இடத்தில் இச்சொல்லைப் போடக்கூடாது. முதலாண்டு மாணவரின் கட்டுரையில் அறிவு சிறிதாக இருப்பது இயல்பு. திருத்தம் சொன்னால் ஏற்றுக்கொள்ளத் தயாராக அவர் எதிரில் நிற்கும்போது அது எந்த வகையிலும் புல்லறிவாண்மை ஆகாது.

ஆங்கிலத்தின் 'shallow' போன்ற சொற்களைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு சொல். நீரைப் பற்றிப் பேசும்போது தமிழில் மேலோட்டம் என்பது வராது; பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், அவ்வளவுதான். தூக்கத்தைப் பற்றிய உடல்நலத் துண்டறிக்கைகளில் 'ஆழமற்ற தூக்கம்' என்று எழுதப்படுவதைப் பார்க்கிறேன். சிறு ஓசைக்கும் விழித்துக்கொள்ளும் தூக்கத்துக்குக் கோழித்தூக்கம் என்ற பெயர் வீடுகளில் வழங்குகிறது; அது துண்டறிக்கைக்குப் பொருந்தாது என்று தோன்றினால், 'அயர்ந்து தூங்க முடியவில்லை' என்று எழுதிவிடலாம். அதேபோல், புனைகதை விமர்சனத்தில், ஒரே குணத்தோடு வந்துபோகும் கதைமாந்தரைக் குறிக்க வழங்கும் 'தட்டையான பாத்திரம்' என்பது எப்போதும் குறையாகாது. இரண்டு பக்கம் வந்து கடிதம் கொடுத்துவிட்டுப் போகும் தபால்காரருக்கு எத்தனை பரிமாணம் வேண்டும்?

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, எளிமையை ஆழமின்மையாகப் படித்துவிடுவது. பதினான்கு வயதுக் குழந்தைகளுக்காகச் சோழர் கால நீர்ப்பாசனத்தைப் பற்றி எழுதும் ஒருவர், ஏரி வாரியம் என்றால் என்ன, அதற்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பதை உத்திரமேரூர்க் கல்வெட்டு எப்படிச் சொல்கிறது என்பதை மூன்று தெளிவான பத்திகளில் விளக்குகிறார் என்றால், அதற்குப் பின்னால் அவர் படித்து ஒதுக்கியவை ஏராளமாக இருக்கும். மதிப்புரையாளர் அதை 'ஆழமற்ற நூல்' என்கிறார். எவருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியைக் கேளாமல் ஆழத்தை அளக்க முடியாது. மறுபுறம், கலைச்சொற்களும் மேற்கோள்களும் மண்டிக் கிடக்கும் நூலை உள்ளீடு இல்லாதது என்று சொல்லத் துணிகிறவர்களும் குறைவு.

என்னிடம் வரும் அறிக்கையில் 'ஆய்வேடு மேலோட்டமாக உள்ளது' என்ற வரி இருந்தால், என்ன கிடைக்காததால் அப்படித் தோன்றியது என்று எழுதியவரைக் கேட்கிறேன். 'கல்வெட்டுகளுக்குப் பிறர் தொகுத்துத் தந்த சுருக்கங்களையே ஆய்வாளர் நம்பியுள்ளார். முழுப் பாடத்தையோ, கல்வெட்டின் மேல் தாளை வைத்து மையால் ஒற்றி எடுத்த மைப்படியையோ ஒப்பிடவில்லை. அதனால் மூன்றாம் இயலில் நிலக்கொடை பற்றிய முடிவுக்கு ஆதாரம் போதவில்லை' என்று பதில் வருகிறது. மாணவர் அடுத்து எங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்பது இந்த வரியில் இருக்கிறது. அதை அப்படியே அறிக்கையில் சேர்த்துவிட்டு, முன்னே நின்ற 'மேலோட்டம்' என்ற வரியைப் பெரும்பாலும் அடித்துவிடுகிறேன்.