விலக்களிப்பு: பள்ளித் தடுப்பூசிச் சட்டத்தின் ஒரு சொல்

அமெரிக்காவில் பள்ளியில் சேரும் குழந்தை தட்டம்மை, போலியோ முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டம். எங்கள் சமயம் இதை ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுக்கும் பெற்றோருக்குப் பல மாநிலங்கள் இந்தக் கட்டாயத்தைத் தளர்த்துகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு ‘ரிலிஜியஸ் எக்ஸெம்ப்ஷன்’ என்று பெயர். தமிழில் இதை ‘மத விலக்கு’ என்றோ ‘தடுப்பூசி விலக்கு’ என்றோ எழுதினால் இரண்டுமே பிழையான பொருளுக்கு இடம் கொடுத்துவிடும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் ‘எக்ஸிமெரெ’ என்னும் இலத்தீன் வினை. வெளியே எடுத்தல் என்பது அதன் பொருள். ஒரு குவியலிலிருந்து ஒன்றைத் தனியே எடுத்துக் காட்டுவதைக் குறிக்கும் ‘எக்ஸாம்பிள்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். வெளியே எடுக்கப்படுவது எது என்பதில் அங்கே குழப்பம் இல்லை. சட்டத்தின் பிடிக்குள் இருக்கும் ஆள்தான் எடுக்கப்படுகிறார்.

தமிழில் ‘விலகு’ தன்வினை, ‘விலக்கு’ அதன் பிறவினை. பிறவினை என்பதால் எதை விலக்குகிறோம், எதிலிருந்து விலக்குகிறோம் என்ற இரண்டு கேள்விகள் எழுகின்றன. மதுவிலக்கு என்றால் மதுவை விலக்குதல். இரண்டாம் வேற்றுமைத் தொகை. வரிவிலக்கு என்றால் வரியிலிருந்து விலக்குதல். நீங்கல் பொருளில் வரும் ஐந்தாம் வேற்றுமைத் தொகை. முன்னதில் பொருள் தடைசெய்யப்படுகிறது, பின்னதில் ஆள் விடுவிக்கப்படுகிறார். தடை என்ற பொருளே பழையது என்பதற்குப் பரிமேலழகர் சான்று. விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் அறம் என்று அவர் எழுதும்போது, விலக்கியவை என்பவை செய்யக்கூடாதவை.

பள்ளி அலுவலகத்தில் ஒரு தாய் தமிழில் பெயர்த்த படிவத்தைப் படிப்பதாகக் கொள்வோம். ‘இக்குழந்தைக்குத் தடுப்பூசி விலக்கு உண்டு’ என்றிருந்தால், மதுவிலக்குக்குப் பழகிய கண், குழந்தைக்கு ஊசி போடக்கூடாது என்றே அதைப் புரிந்துகொள்ளும். உண்மையில் அந்தக் குழந்தைக்கு ஊசி போட எந்தத் தடையும் இல்லை. போட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் நீங்குகிறது. ‘மத விலக்கு’ என்பதோ ஊர்விலக்கை நினைவூட்டி, யாரையோ மதத்தை விட்டுத் தள்ளிவைத்ததுபோல ஒலிக்கிறது.

‘விதிவிலக்கு’ என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. விதியின் எல்லைக்குள் இயல்பாகவே அடங்காதது விதிவிலக்கு. இங்கே குழந்தை விதிக்குள் அடங்குகிறது. கேட்ட பிறகுதான் சட்டம் விடுவிக்கிறது. அப்படிக் கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியும். கலிபோர்னியா 2015-இல் இயற்றிய சட்டத்தால் நம்பிக்கை சார்ந்த விடுவிப்பை நீக்கியது. தட்டம்மை பரவிய 2019-இல் நியூயார்க்கும், 2021-இல் கனெக்டிகட்டும் சமயக் காரணத்தை நீக்கின. தடுப்பூசி போடாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1922-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே கொடுப்பவர் ஒருவர் இருப்பதைக் காட்டும் ‘விலக்களிப்பு’ என்ற வடிவத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

‘சமயம்’ என்ற பகுதிக்கும் ஒரு திருத்தம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற சமய அமைப்பில் உறுப்பினராக இருப்பவருக்கே விலக்கு என்று நியூயார்க் சட்டம் ஒரு காலத்தில் வரையறுத்திருந்தது. அந்த வரையறை செல்லாது என்று 1987-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு அங்கே பார்க்கப்பட்டது ஒருவர் உளமார ஏற்றிருக்கும் சமய நம்பிக்கையே தவிர, அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதன்று. ஆகையால் ‘தடுப்பூசிக் கட்டாயத்திலிருந்து சமய நம்பிக்கைவழி விலக்களிப்பு’ என்று வேற்றுமை உருபை மறைக்காமல் எழுதுவதே சரி. நீளம்தான், ஆனால் தன் குழந்தையைப் பற்றிய படிவத்தில் ஒரு பெற்றோர் தடுமாறுவதைவிட நீளம் மேல்.

இன்னும் ஓரிடத்தில் கவனம் தேவை. பள்ளியில் தட்டம்மை தோன்றினால், விலக்களிப்புப் பெற்றுத் தடுப்பூசி போடாத குழந்தையை, நோயாளியோடு தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்து 21 நாள் வரை வகுப்புக்கு வரவிடாமல் வைப்பது அங்குள்ள நடைமுறை. அதையும் ‘விலக்கிவைத்தல்’ என்று எழுதினால், ஒரே கடிதத்தில் ஒரே சொல் சலுகையையும் தடையையும் குறித்து நிற்கும். அந்த இடத்தில் ‘நிறுத்திவைத்தல்’ என்று எழுத வேண்டும்.