பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது?

"வெப் டெவலப்மென்ட் கற்க ஆரம்பித்திருக்கிறேன். ரியாக்ட்டா, வியூவா, எதில் இறங்கலாம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இரண்டுமே வலைப்பக்கங்கள் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள். எதில் வேண்டுமானாலும் இறங்குங்கள். ஒன்று கைவந்தால் மற்றதற்கு மாறுவது பெரிய வேலையில்லை. ஆனால் எந்தப் பக்கம் போனாலும், கோடில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட் கூடவே வரும். அப்படிச் சேமிக்கும் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். ஆட், கமிட், புஷ், புல் என்ற நான்கு கட்டளைகளோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். ஐந்தாவதாக ஒன்று கற்பதானால், பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடித் தரும் பைசெக்டாக இருக்கட்டும். லினக்ஸ் கர்னலுக்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கிட்டில் அதே ஆண்டே வந்து சேர்ந்த வசதி இது.

கூப்பன் போட்டால் பில் தொகை தப்பாக வருகிறது. போன மாத வெளியீட்டில் சரியாக இருந்தது. நடுவில் 600 கமிட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். 'கிட் பைசெக்ட் ஸ்டார்ட்' கொடுத்து, இப்போதைய நிலையை 'பேட்' என்றும், போன மாத வெளியீட்டுக் கமிட்டுக்கு வைத்த பெயரை (டேக்) 'குட்' என்றும் குறித்தால் போதும். நடுவிலுள்ள ஒரு கமிட்டை கிட் எடுத்து முன்னால் வைக்கும். கூப்பனைப் போட்டுப் பார்த்து குட்டா பேடா என்று சொல்ல வேண்டும். 600 என்பது 300, 150, 75 என்று சுருங்கி, ஒன்பது பத்து சோதனைகளில் ஆள் அகப்பட்டுவிடும். பைனரி தேடல்தான். நம் கல்லூரிகளில் அது பதிமூன்று மதிப்பெண் கேள்வியாகவே பிறந்து அங்கேயே இறந்துபோவது எனக்கு ஆற்றாமை.

ஆனால் 'நடு' எது? வரலாறு நேர்க்கோடாக இருந்தால் சிக்கலில்லை. நிஜத்தில் கிளைகள் பிரிந்து சேர்கின்றன. பிரதான கிளையில் அ, ஆ, இ என்று மூன்று கமிட்டுகள். அ-விலிருந்து பிரிந்த கிளையில் க, ங, ச. இரண்டும் ம-வில் இணைகின்றன. அதன் பின் ய. மொத்தம் எட்டு. அ-வுக்கு முன்புவரை எல்லாம் சரி, ய-வில் பிழை இருக்கிறது. தேதி வரிசை அ, ஆ, க, இ, ங, ச, ம, ய என்றால் நான்காவதான இ-யைச் சோதிக்கத் தோன்றும். அது 'குட்' என்றால் விடுபடுபவை அ, ஆ, இ மூன்றுதான். க அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தாலும் இ-க்குள் அது இல்லையே! சந்தேகம் ஐந்தின் மேல் நிற்கும்.

கிட் தேதியைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கமிட்டுக்கும் அதையும் சேர்த்து அதன் மூதாதைகள் எத்தனை என்று எண்ணுகிறது: இ-க்கு 3, ச-வுக்கு 4, ம-வுக்கு 7. அந்த எண், எட்டில் மீதி, இரண்டில் சிறியது எதுவோ அதுதான் அந்தக் கமிட்டின் எடை. இ-க்கு 3, ச-வுக்கு 4, ம-வுக்கு வெறும் 1. எடை கூடிய ச-வையே சோதிக்கச் சொல்லும். பதில் குட்டோ பேடோ, நான்கு கழிந்துவிடும். பதில் எப்படி வந்தாலும் லாபம் குறையாத கேள்வியைத் தேடி எடுக்கிறதே, அதுதான் இதில் அழகு.

சோதனையை ஸ்கிரிப்டாக எழுதி 'பைசெக்ட் ரன்' என்று கொடுத்தால் நீங்கள் டீ குடிக்கப் போகலாம். ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் குட், 1 முதல் 127 வரை பேட், 125 மட்டும் 'இதை விட்டுவிடு'. 126, 127 இரண்டையும் கட்டளைகளை இயக்கும் ஷெல் தனக்கென வைத்திருப்பதால் 125 தேர்வானது. அந்தந்தக் கமிட்டுக்கு உரிய பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் சிஐ கட்டளை முதல் வரியிலேயே ஓடட்டும், அது தோற்றால் 125 திருப்புங்கள். இல்லையென்றால் பழைய கோடு புதிய பேக்கேஜ்களோடு ஓடி, இல்லாத பிழையைக் காட்டும். ஸ்கிரிப்டை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். ரெப்போவில் கமிட் செய்திருந்தால், பழைய கமிட்டுக்குப் போனதும் அது காணாமல் போகும்.

ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில் என்று ஆடும் டெஸ்டை நம்பி இறங்காதீர்கள். ஒரு தப்பான பதில் போதும், நிரபராதி மாட்டுவார். நாற்பது ஃபைல்களை மாற்றிவிட்டு 'ஃபைனல் சேஞ்சஸ்' என்று கமிட் போடும் குழுவிலும் பலனில்லை. குற்றவாளி என்று அந்த மூட்டையைத்தான் காட்டும்.

கேஷ் கிளியர் பண்ணு, நோட் மாட்யூல்ஸை அழித்துத் திரும்பப் போடு, சர்வரை ரீஸ்டார்ட் செய் என்று வரிசையாகச் செய்து பார்ப்பது பல அலுவலகங்களில் சடங்காகவே ஆகிவிட்டது. ஆயுத பூஜைக்கு சர்வருக்குக் குங்குமம் வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. பிழை தேடுவதில் அது வேண்டாம்.

நடுவில் குட்டுக்குப் பதில் பேட் அழுத்திவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 'பைசெக்ட் லாக்' தருவதை ஒரு ஃபைலில் சேமித்து, தப்பான வரியையும் அதற்குப் பின் வந்தவற்றையும் நீக்கி, ரீசெட் செய்துவிட்டு 'பைசெக்ட் ரீப்ளே' கொடுங்கள். எல்லாம் முடிந்ததும் மறக்காமல் 'பைசெக்ட் ரீசெட்'. மறந்துபோய் அங்கேயே புதுக் கமிட் போட்டால் அது எந்தக் கிளையிலும் ஒட்டாமல் தொங்கும்.