வாடகைக்கு விட வீடு வாங்கியிருக்கிறீர்களா? சாவி கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் இரண்டாவதாக ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டவர்கள் வக்கீலைத் தேடி வருவது பெரும்பாலும் வாடகை நின்றுபோன பிறகுதான். மடிப்பாக்கத்தில் வீடு வைத்திருக்கும் ஒருவர் அப்படித்தான் வந்தார். பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக ஒரு 11 மாத அக்ரிமென்ட், அதுவும் காலாவதியாகி வெகு நாளாகிவிட்டது. "டிஆர் நம்பர் வாங்கினீங்களா சார்?" என்று கேட்டேன். வாடகை ஒப்பந்தத்தைப் பதிந்தால் கிடைக்கும் எண் அது. "பதினோரு மாசம்தானே, ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம்னு புரோக்கர் சொன்னாரே" என்றார்.

இந்தப் பதினோரு மாதக் கணக்கை தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் அதைத் தவிர்க்க வந்த வழக்கம் அது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, பதினோரு மாதமோ மூன்று வருஷமோ, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிந்து டிஆர் நம்பர் வாங்க வேண்டும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். பதியாத அக்ரிமென்ட்டை சாட்சியமாக ஏற்கமாட்டார்கள். காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரு மடங்கு வாடகை கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் காலம் எப்போது முடிந்தது என்று எதைக் காட்டிச் சொல்வீர்கள்? மடிப்பாக்கத்துக்காரருக்கு, முறையான ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாக வைத்துத்தான் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அப்புறம், கோபத்தில் கரண்ட்டையும் தண்ணீரையும் நிறுத்துவது. வாடகை பாக்கி எவ்வளவு இருந்தாலும் செய்யாதீர்கள். குடியிருப்பவர் புகார் கொடுத்தால், அதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

அட்வான்ஸ் பத்து மாதம் வாங்குவது சென்னை வழக்கம். சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை, இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர. அதனால் வாங்கும் தொகையையும், பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதையும் அக்ரிமென்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.

வருமான வரி பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். மாதம் 20,000 என்றால் வருஷத்துக்கு 2,40,000. நீங்களே கட்டிய சொத்து வரி 10,000 போக 2,30,000. அதில் 30 சதவீதம், அதாவது 69,000, தானாகக் கழியும். பிளம்பர் பில், புரோக்கர் கமிஷன் எல்லாம் அதற்குள் அடக்கம், தனியாகக் கேட்க முடியாது. மீதி 1,61,000. வீட்டுக்கடன் வட்டி 4,00,000 என்றால் 2,39,000 நஷ்டம். பழைய வரிமுறையில் இதில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம், மீதியை எட்டு வருஷம் வரை கொண்டுபோகலாம். புதிய வரிமுறையில் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. "இஎம்ஐ கட்டினால் வரி மிச்சம்" என்று பில்டர் ஆபீஸில் சொல்வதை நம்பி வாங்குவதற்கு முன் நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெயரிலுள்ள வீடுகள். மகன் துபாயில், வாடகை வாங்குவது அம்மா. பணம் யார் கணக்கில் விழுந்தாலும் வருமானம் மகனுடையதுதான். ஓனர் இங்கேயே இருந்தால், மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் மட்டும் குடியிருப்பவர் 2 சதவீதம் டிடிஎஸ் (வாடகையிலிருந்து முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்தால் போதும். ஓனர் என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டில் வாழ்பவர், என்றால் அந்த வரம்பே கிடையாது, 8,000 ரூபாய் வாடகையானாலும் செஸ்ஸோடு சேர்த்து 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும், அதற்கு டான் நம்பரும் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) எடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மாட்டுவது குடியிருப்பவர். எனவே ஓனர் என்ஆர்ஐ என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். வரி குறைவாகத்தான் வரும் என்றால், குறைந்த விகிதத்தில் பிடிப்பதற்கான சான்றிதழுக்கு மகன் வருமான வரித்துறையில் விண்ணப்பிக்கலாம். அக்ரிமென்ட்டில் அம்மா கையெழுத்துப் போடுவதானால் மகன் கொடுத்த பவர் பத்திரம் கையில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் "நீயே பாத்துக்கோ" என்று அனுப்பியது போதாது.