ஷோகேஸில் கிடக்கும் மழைக்கணக்கு

நிலத்தடி நீர் பார்க்க ஈரோடு, திருப்பூர் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய்வரும் நிலவியலாளன் நான். கல்லைப் பற்றித் தெரிந்தவன் என்றதும் சில வீடுகளில் ஷோகேஸைத் திறந்து, "இது என்ன கல்லுங்க?" என்று நீட்டுவார்கள். சில சமயம் அது குகைக் கூரையில் தொங்கும், விரல் நீள வெள்ளைக் கல்விழுதாக இருக்கும். ஆந்திராவில் அரக்குப் பள்ளத்தாக்குப் பக்கம் போரா குகைக்குப் போனபோது பையன் ஒடித்து வந்தானாம். பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வளரும். அப்படியானால் அந்த விரல் நீளத்துக்கு எத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கும்!

மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை வாங்கி லேசாக அமிலமாகி, சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டே இறங்குகிறது. குகைக்குள் சொட்டும்போது வாயு பிரிந்து போய், சுண்ணாம்பு படிகிறது. நம் போர்த்தண்ணி கீஸருக்குள் வெள்ளையாகக் கட்டுவதும் இதே சுண்ணாம்புதான். மேலிருந்து தொங்குவது கல்விழுது, தரையில் எழும்புவது கல்முளை. ஆய்வுக்குப் பெரும்பாலும் கல்முளையைத்தான் எடுப்பார்கள், அதில் படலங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும்.

வயது எப்படித் தெரியும்? யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. அதனால் புதிதாகப் படிந்த சுண்ணாம்பில் தோரியம் அநேகமாக இருக்காது. யுரேனியம் சிதைந்து தோரியம் சேரச் சேர, அதை அளந்து ஒவ்வொரு படலத்துக்கும் வயது சொல்லலாம். சுமார் ஐந்து லட்சம் ஆண்டுகள் வரை இப்படிப் போகலாம். மழைக்கணக்கோ அந்தப் படலத்திலுள்ள ஆக்சிஜனில் இருக்கிறது. அதில் கனமான வகை குறைந்திருந்தால், நம் பருவமழை நாட்டில் பெரும்பாலும் மழை வலுத்த காலம்.

மேகாலயத்தின் மௌம்லூ குகைக் கல்முளை, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் வந்த பெரும் வறட்சியைக் காட்டியது. அதை வைத்தே இன்றைய புவியியல் காலத்துக்கு 2018-இல் 'மேகாலயன்' என்று பெயர் வைத்தார்கள். சத்தீஸ்கரின் தண்டக் குகைக் கல்முளையோ, 14-ஆம் நூற்றாண்டில் பருவமழை பலவீனமாகிப்போனதைக் காட்டுகிறது. தக்காணத்தில் 1396-இல் தொடங்கிய துர்காதேவி பஞ்சம் அதே வறண்ட காலத்தைச் சேர்ந்தது. இந்திய வானிலைத் துறை தொடங்கியதே 1875-இல்தான். அதற்கு முந்தைய மழையைச் சொல்ல இந்த மாதிரிக் கற்களை விட்டால் சாட்சிகள் குறைவு.

மனிதன் செய்ததும் இதில் பதியும். மரம், நெல், பருத்தி எல்லாம் கார்பனை ஒரு விதமாக எடுக்கும். சோளம், கம்பு, வெப்பமண்டலப் புற்கள் வேறு விதமாக எடுக்கும். குகைக்கு மேலே காட்டை அழித்துச் சோளக்காடு போட்டால், அந்த மாற்றம் மண் வழியாகச் சொட்டுநீரில் இறங்கிக் கல்லில் சேர்ந்துவிடும். காடு தானாக மாறியதா, வெட்டப்பட்டதா என்று பிரித்தறிய மழைக்கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கொங்கில் புகழூர், அரச்சலூர்க் குகைகள் கருங்கல் பாறையில் அமைந்தவை, இப்படிச் சுண்ணாம்பு வளராது. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சுண்ணாம்புக்கல் உண்டு, அது சிமெண்டுக்குப் போகிறது. ஆனால் நமக்குப் பவானித் தண்ணீர் வரும் நீலகிரியில், செடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த சதுப்புக் கரிச்சேறு இதே மாதிரிப் பதிவாக இருக்கிறது. சாண்டிநல்லா பகுதிச் சேற்றிலிருந்த கார்பனை அளந்து, கடந்த சுமார் 20,000 ஆண்டுகளில் புல்வெளியும் சோலைக்காடும் மாறி மாறி வந்ததை 1993-இல் சூழலியலாளர் ஆர். சுகுமார் குழுவினர் வெளியிட்டார்கள். அங்கே இடம் வாங்குகிறவர்கள் சதுப்பை மண் கொட்டி மூடினாலோ, வாய்க்கால் வெட்டி வடித்தாலோ அந்தப் பதிவு கெட்டுப்போகும்.

ஒடித்தெடுத்த கல்லுக்கு எந்தக் குகை, எந்த இடம், எது மேல்பக்கம் என்று தெரியாவிட்டால் ஆய்வு மதிப்பு பெரும்பாலும் போய்விடும். கை பட்டாலே தோலின் எண்ணெய் ஒட்டி, அந்த இடத்தில் படிவது தடைப்படும். சுற்றுலாவுக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்கள் பஸ் ஏறும் முன்பே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். குகையின் பெயரையும் எடுத்த ஆண்டையும் எழுதி ஒட்டி, பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் துறையில் கொடுங்கள். மாணவர்களுக்குப் படலங்களைக் காட்டவாவது உதவும்.