விதையும் மண்ணும்: உறுப்புச் சில்லில் புற்றுநோய்ப் பரவல்

பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் சாமை விதைக்கும் ஓர் உழவரிடம், ஒரே மூட்டை விதை ஒரு காட்டில் செழித்து, வரப்புக்கு அந்தப் பக்கம் ஏன் சோடை போகிறது என்று கேட்டால், அவர் விதையை விட்டுவிட்டு மண்ணைப் பற்றிப் பேசத் தொடங்குவார். 1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் புற்றுநோயைப் பற்றி எழுதியதும் இதையே. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் உடற்கூறாய்வுக் குறிப்புகளை ஆராய்ந்த அவர், ரத்தம் எல்லா உறுப்புகளுக்கும் ஓடினாலும் நோய் கல்லீரலில் அடிக்கடியும் மண்ணீரலில் அரிதாகவும் குடியேறுவதைக் கண்டு, விதைக்கு ஏற்ற மண் வேண்டும் என்றார்.

புற்றுநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் தோன்றிய கட்டியைவிட, அது பிற உறுப்புகளுக்குப் பரவுவதே காரணம். கட்டியிலிருந்து பிரிந்த செல் ரத்த நாளத்துக்குள் நுழைந்து, ஓட்டத்தில் உயிர் தப்பி, தொலைவிலுள்ள ஓர் உறுப்பில் நாளச் சுவரைத் துளைத்து வெளியேற வேண்டும். அகன்று வரும் காவிரி ஒகேனக்கல்லில் பாறை இடுக்குகளுக்குள் நெருக்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயணத்தின் கடினம் புரியும்: பல புற்றுசெல்கள் 15 மைக்ரோமீட்டருக்கும் அதிகமாகப் பருத்தவை, மிக நுண்ணிய ரத்த நாளங்களான தந்துகிகளின் அகலமோ பெரும்பாலும் 10-ஐத் தாண்டாது. வெளியேறும் செல்களிலும் மிகச் சிலவே புதிய கட்டியாகின்றன.

இவையெல்லாம் உடலுக்குள், கண்ணுக்கு மறைவாக நடப்பவை. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களுக்கு ரத்த ஓட்டம் இல்லை. எலியின் திசு மனிதத் திசு ஆகாது. இந்த இடைவெளியில்தான் உறுப்புச் சில்லு வருகிறது. கைவிரல் அளவேயான ஒளி ஊடுருவும் சிலிக்கோன் துண்டில் முடி போன்ற கால்வாய்களை அமைத்து, அவற்றில் மனிதச் செல்களை வளர்த்து, சொட்டுநீர்க் குழாயில் விடுவதுபோல் ஊட்டநீரை அளந்து ஓடவிடுகிறார்கள். ஹார்வர்டில் டொனால்ட் இங்பரும் டோங்கன் ஹூவும் 2010-இல் வெளியிட்ட நுரையீரல் சில்லில், நுண்துளைச் சவ்வின் ஒருபுறம் நுரையீரல் செல்களும் மறுபுறம் தந்துகிச் செல்களும் இருந்தன. இருமருங்கிலும் காற்றை உறிஞ்சிச் சவ்வை இழுத்து விட்டு, மூச்சின் அசைவையே அதற்குக் கொடுத்தார்கள்.

பேஜட்டின் கேள்விக்கு நேராகச் சென்றது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ரோஜர் காம் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு. மென்கூழில் நாளச் செல்களை விதைத்தால், அவை தாமாகவே இணைந்து உட்குழலுள்ள தந்துகி வலையாகின்றன. ஒரு சில்லில் அந்த வலையைச் சுற்றி எலும்பை ஒத்த சூழலையும், இன்னொன்றில் தசையை ஒத்த சூழலையும் உருவாக்கி, மார்பகப் புற்றுசெல்களை உள்ளே செலுத்தினார்கள். எலும்புச் சூழலில் அதிகமான செல்கள் நாளத்தைவிட்டு வெளியேறின. தசைச் செல்கள் சுரக்கும் அடினோசின் என்ற மூலக்கூறு அந்த வெளியேற்றத்தைத் தடுப்பதும் தெரிந்தது. மற்ற அனைத்தையும் மாற்றாமல் மண்ணை மட்டும் மாற்றிப் பார்க்க முடிந்ததையே இம்முறையின் பெரும்பேறாக நான் கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. சிலிக்கோன் சில மருந்து மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்வதால், செல்லுக்கு உண்மையில் கிடைத்த அளவைக் கணிப்பது கடினமாகிறது. உடலின் முழு நோயெதிர்ப்பு அமைப்பும் ஒரு சில்லில் அடங்காது. இவற்றைவிடப் பெரிய தடை காலம்: சில்லின் ஆயுள் பொதுவாகச் சில வாரங்கள், எலும்பு மஜ்ஜையில் தங்கிய புற்றுசெல்லோ, மழைக்குக் காத்திருக்கும் விதைபோலப் பல ஆண்டுகள் உறங்கியிருந்து பிறகே முளைக்கக்கூடும்.