அன்டோரா போகிறீர்களா? விசாவில் எத்தனை என்ட்ரி என்று முதலில் பாருங்கள்

விசா ஆலோசனை வேலையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "அன்டோராவுக்குத் தனி விசா வேண்டாமாமே, ஷெங்கன் விசா இருந்தா போதும்தானே?" ஷெங்கன் விசா என்பது பிரான்ஸ், ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா. ஆனால் இந்தக் கேள்வியில் இருப்பது பாதிதான் சரி. மீதிப் பாதியைக் கவனிக்காமல் டிக்கெட் போடுகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பைரனீஸ் மலையில், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே இருக்கிறது அன்டோரா. மொத்தமே 468 சதுர கிலோமீட்டர். விமான நிலையம் கிடையாது, ரயிலும் கிடையாது. பெரும்பாலானவர்கள் பார்சிலோனாவிலிருந்தோ துலூஸிலிருந்தோ பஸ் பிடித்துத்தான் போகிறார்கள். சுற்றுலாவுக்கு அது தனி விசா கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, ஆனால் ஷெங்கன் பகுதிக்குள்ளும் அது இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு நீங்கள் ஸ்பெயினுக்குள் நுழைவது ஒரு என்ட்ரி. அன்டோரா எல்லையைத் தாண்டியதும் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். திரும்பிப் பார்சிலோனா வருவது இரண்டாவது என்ட்ரி. சிங்கிள் என்ட்ரி விசாவில் அந்த இரண்டாவதுக்கு இடமில்லை, ஊர் திரும்ப அன்டோராவிலிருந்தே விமானம் ஏறவும் வழியில்லை.

"பார்டர்ல யாரும் பாஸ்போர்ட் பார்க்கறதே இல்லையே" என்பார்கள். பல நேரம் வண்டியை நிறுத்தாமலே விட்டுவிடுவது உண்மைதான். ஆனால் அன்டோராவில் சிகரெட்டும் மதுவும் விலை குறைவு, அளவுக்கு மேல் கொண்டு வருகிறார்களா என்று பார்க்க, திரும்பி வரும் வண்டிகளைச் சுங்க அதிகாரிகள் நிறுத்துவதுண்டு. அப்போது பாஸ்போர்ட்டையும் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்த நம்பிக்கையில் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, என்ன செய்வது? அன்டோராவில் தங்கும் இரவுகளை மறைக்காமல் பயணத் திட்டத்தில் காட்டுங்கள், ஹோட்டல் புக்கிங்கை வையுங்கள், விண்ணப்பத்தில் இரண்டு அல்லது மல்ட்டிபிள் என்ட்ரி கேளுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்பதைக் கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஷெங்கன் நாடுகளில் எதில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்றும் இல்லை, அதனால் பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே ஸ்டிக்கரைப் பாருங்கள்: என்ட்ரி எண்ணிக்கை 02 அல்லது மல்ட் (MULT, அதாவது மல்ட்டிபிள்) என்று இருந்தால் நல்லது, 01 என்று இருந்தால் அன்டோராவைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

எல்லாக் குட்டி நாட்டுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. மொனாக்கோ, சான் மரினோ, வாடிகன் மூன்றுக்கும் போய்வரப் பாஸ்போர்ட் சோதனை கிடையாது, சிங்கிள் என்ட்ரியே போதும். லீக்டென்ஸ்டைன் 2011 முதல் ஷெங்கனிலேயே இருக்கிறது.

அப்புறம், இன்ஷூரன்ஸ். விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ பாலிசி ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் என்று இருந்தால் அன்டோராவில் கை கொடுக்காமல் போகலாம், அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பனிச்சறுக்குக்காகப் போகிறவர்கள் அதற்குத் தனியாகக் கவர் சேர்க்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.